விளையாட்டினுள் ஒளிந்திருக்கும் விதிகள்

பல்லாங்குழிக்கு அமரும் சிறுமிக்கு, முதற் காயை எடுக்கும் முன்பே விதிகள் அனைத்தும் தெரியும். எந்தக் குழியில் எத்தனை காய், எப்போது ஆட்டம் எதிரியிடம் போகும், எப்போது காய்களை அள்ளலாம் என்பவற்றைப் பாட்டி முதலிலேயே சொல்லிவிடுவார். சதுரங்கமும் அவ்வாறே. குதிரை எப்படித் தாவும் என்பதை மறைத்து வைத்துக்கொண்டு எவரும் நம்மோடு சதுரங்கம் ஆடுவதில்லை.

ஆனால், அன்பு மாணவியரே, விதிகளில் பாதியைச் சொல்லாமலே ஆடவிடும் விளையாட்டுகளும் இக்காலத்தில் உண்டு. ஜப்பான் நாட்டு நிறுவனமான ஃப்ரம்சாஃப்ட்வேர் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் வெளியிட்ட ‘எல்டன் ரிங்’ என்னும் வீடியோ விளையாட்டு அத்தகையது. வாளும் மந்திரமும் வேதாளங்களும் நிறைந்த கற்பனை உலகில் ஒரு வீரரையோ வீராங்கனையையோ நாம் நடத்திச் செல்ல வேண்டும். கடினம் என்று பெயர்பெற்ற விளையாட்டு; எனினும் ஏறத்தாழ ஓராண்டிற்குள் 2 கோடிப் பிரதிகள் விற்றன. பெற்றோருக்கு இங்கேயே ஒரு சொல்: இதற்கு ஐரோப்பாவில் 16 வயது என்றும் அமெரிக்காவில் 17 வயது என்றும் வரம்பு குறித்துள்ளனர். கீழ் வகுப்பு மாணவியர் இக்கட்டுரையைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஆடுவது பின்னர் ஆகட்டும். வீட்டில் அண்ணனோ அக்காளோ ஆடும்போது பின்னால் நின்று பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும்.

லிம்கிரேவ் என்னும் புல்வெளியைக் கடந்து ஸ்டார்ம்வேல் கோட்டைக்கு ஏறிச் செல்லும் வழியில் மார்கிட் என்னும் எதிரி காத்து நிற்கிறான். கையில் நீண்ட தடி. இவ்விளையாட்டைத் தொடங்கியவர்களுள் மிகப் பலர் முதன்முதலாக மனம் உடைந்த இடம் இதுதான். மார்கிட் தடியை ஓங்குவான். ஆடுபவள் உடனே விலகி உருளுவாள். அவனோ ஓங்கிய தடியோடு சற்றே நிற்பான். அவள் உருண்டு எழுந்து நிமிர்கின்ற அந்த வேளையில்தான் அடி இறங்கும். பத்து முறை, இருபது முறை இவ்வாறு வீழ்ந்த பின் அவள் என்ன முடிவுக்கு வருகிறாள்? “என் கை மெதுவானது. எனக்கு இது வராது” என்கிறாள். கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவள் “எனக்குக் கணக்கு வராது” என்பதும் இதே குரலில்தான். உண்மையில் அவள் கை மெதுவானதன்று. வேண்டியதற்கு மேல் விரைவானது. மார்கிட்டை ஆக்கியவர்கள், பதறி முந்துகிறவளை அடிப்பதற்கென்றே அந்தச் சிறு தாமதத்தை வைத்திருக்கிறார்கள்.

அடுத்து அவள் செய்வது என்ன? அடி தாங்கவில்லையே என்று, தன்னிடம் உள்ளவற்றுள் மிகத் தடித்த இரும்புக் கவசத்தைத் தேடி அணிந்துகொள்கிறாள். நியாயமான எண்ணந்தான். ஆயினும் முன்னிலும் விரைவாகச் சாகிறாள். முதல் மறைவிதி இங்கே இருக்கிறது.

ஒவ்வொரு வீரருக்கும் இவ்வளவு எடை தூக்கலாம் என்று ஓர் உச்ச அளவு உண்டு. அணிந்துள்ள கவசம், ஆயுதம், கேடயம் ஆகியவற்றின் எடை அந்த உச்ச அளவில் 30 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் இலகு சுமை. 30 முதல் 70க்குள் இருந்தால் நடுத்தரச் சுமை. 70ஐத் தொட்டுவிட்டால் மிகுசுமை. நூறைத் தாண்டினால் உருளவே இயலாது. சுமையின் பெயரைத் திரை காட்டும். எல்லைக்கோடு எங்கே என்பதை மட்டும் சொல்லாது. உச்ச அளவு 60 என்று வைத்துக்கொள்வோம். அவள் சுமப்பது 41.9 என்றால் 69.8 விழுக்காடு. சுறுசுறுப்பாக உருண்டு எழுவாள். கையுறையை மட்டும் சற்றுத் தடித்ததாக மாற்றியதால் எடை 42.3 ஆகிறது என்க. இப்போது 70.5 விழுக்காடு. கூடியது அரைப்பங்குகூட இல்லை. ஆனால் அவளுடைய வீராங்கனை நெல்மூட்டை விழுவதுபோல் விழுந்து மெல்ல எழுகிறாள். 99 பாகையில் கிடக்கும் தண்ணீர் நூறில் கொதித்து எழுவதைப் போல, சில அளவுகள் சிறிது சிறிதாக மாறுவதில்லை. ஒரு வாசற்படியில் மாறுகின்றன. அந்தப் படி எங்கே உள்ளது என்று அறியாதவளுக்கு, தன் புதிய கையுறையே தன்னைக் கொன்றது என்று எப்படித் தோன்றும்?

உருளுவதன் உள்ளே இன்னொன்று மறைந்திருக்கிறது. விலகி ஓடுவதால் அடி தப்புகிறது என்றே எல்லாரும் முதலில் எண்ணுவர். அது முழு உண்மையன்று. உருளத் தொடங்கிய கணத்திலிருந்து அரை விநாடிக்கும் குறைவான நேரத்திற்கு எந்த ஆயுதமும் உடலைத் தொடாது. வாள் உடலின் ஊடே போவது கண்ணுக்குத் தெரிந்தாலும் காயம் இராது. ஆகவே அடியிலிருந்து தொலைவில் போவதைவிட, அடி வந்து சேரும் நேரத்தில் உருளுவதே காரியம். பல வேளைகளில் எதிரியை நோக்கி உருளுவதே நன்று. அன்றியும், பதற்றத்தில் பொத்தானை இருமுறை அழுத்தினால், இரண்டாவது அழுத்தத்தை விளையாட்டு நினைவில் வைத்திருந்து, முதல் உருளல் முடிந்ததும் அதையும் நிறைவேற்றிவிடும். “நான் ஒருமுறைதான் உருண்டேன், அதுவாகவே மறுபடி உருண்டது” என்று குறைகூறுபவர்களின் குறை இதுதான்.

இந்தப் பாதுகாப்புக் கணத்தை இதே நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ் 2’ இன்னும் ஆழமாக ஒளித்துவைத்தது. அதில் ‘அடாப்டபிலிட்டி’ என்றொரு பண்பு இருந்தது. பெயரைக் கேட்டால் எதற்கும் பொருந்தும் தன்மை என்று தோன்றும். அவ்வளவு அவசரமில்லை என்று பலரும் அதை ஒதுக்கினர். ஆனால் உருளும்போது அடிபடாத கணம் எவ்வளவு நீளும், மருந்துக் குடுவையை எவ்வளவு விரைவில் குடிக்கலாம் என்பவை இரண்டும் அந்தப் பண்பைப் பொறுத்தே இருந்தன. ஒதுக்கியவர்கள் ஒவ்வொரு சண்டையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விலங்கைக் காலில் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். பெயர் வைப்பதிலும் பொறுப்பு உண்டு என்பது என் கருத்து.

இனிக் கணக்கு. எல்டன் ரிங்கில் எதிரிகளை வென்றால் ‘ரூன்’ என்னும் செல்வம் சேரும். அதைச் செலவிட்டுப் பண்புகளை ஒவ்வொரு படியாக உயர்த்தலாம். ‘விகர்’ என்னும் பண்பை உயர்த்தினால் உயிர்நிலை கூடும். அது 25ஆவது படியில் 800, 40இல் 1,450, 60இல் 1,900, இறுதிப் படியாகிய 99இல் 2,100. மாணவியர் இதைச் சற்றுக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். 25இலிருந்து 40 வரை 15 படிகளில் 650 கூடுகிறது; படிக்கு ஏறத்தாழ 43. 40இலிருந்து 60 வரை 20 படிகளில் 450, படிக்கு இருபத்திரண்டரை. 60க்கு மேல் 39 படிகள் ஏறியும் 200தான், படிக்கு ஐந்து. மேல்நிலை வகுப்பில் பொருளியல் படிப்பவர்கள் குறைந்து செல் விளைவு விதியை நினைவுகூரலாம். ஒரே வயலில் மேலும் மேலும் உரமிட்டால் முதல் மூட்டை தந்த விளைச்சலைப் பத்தாவது மூட்டை தருவதில்லை அல்லவா? இதில் கொடுமை என்னவென்றால், படி உயர உயர ஒவ்வொரு படிக்கும் கேட்கப்படும் ரூன் கூடிக்கொண்டே போகிறது, கிடைப்பதோ குறைகிறது. அடுத்த படியில் எவ்வளவு கூடும் என்று திரை காட்டும். வளைகோடு எங்கே தளர்கிறது என்று காட்டாது. வரைபடத் தாளில் இந்நான்கு புள்ளிகளையும் குறித்து இணைத்துப் பாருங்கள்; எவ்விடத்தில் நிறுத்திவிட்டு வேறு பண்பிற்குச் செலவிடுவது என்று கோடே சொல்லும்.

தொடக்கத்தில் பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்வர். வலிமையை ஏற்றுவர், உயிர்நிலையைக் கவனியார். கூரிய வாள் இருக்கும். ஓரடியில் மாண்டு போவார்கள். வலிமையைப் பற்றியும் ஒரு சிறு இரகசியம் உண்டு. ஆயுதத்தை இரு கைகளாலும் பற்றினால் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். 30 வலிமை வேண்டும் பெருவாளை 20 உள்ளவளும் இரு கையால் பிடித்து ஆளலாம். மேலும், தொடக்க நாட்களில் பண்புகளை உயர்த்துவதைவிடக் கொல்லனிடம் ஆயுதத்தைத் தீட்டித் தரமுயர்த்துவதே அதிகப் பலன் தரும். ஆயுதம் உயர உயர, நம் பண்புகளிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் பங்கும் உயர்கிறது.

எதிரிகளிடமும் மறைந்திருக்கும் அளவுகள் உண்டு. ஒவ்வோர் எதிரிக்கும் உயிர்நிலையைத் தவிர, தன் நிலையில் உறுதியாக நிற்கும் ஆற்றல் ஒன்று உள்ளது. நம் அடிகள் அதைக் கரைத்துக்கொண்டே வரும். தீர்ந்ததும் அவன் தள்ளாடி மண்டியிடுவான்; அப்போது பேரடி ஒன்று கொடுக்கலாம். நாம் சிறிது நேரம் அடிக்காமல் ஓய்ந்தால் அது மீண்டும் நிறைந்துவிடும். குதித்து அடிப்பதும், பொத்தானை அழுத்திப் பிடித்து ஓங்கி அடிப்பதும் அதை விரைவாகக் கரைக்கும். இத்தனையும் திரையில் எங்கும் தெரியாது! இதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘செகிரோ’ என்னும் விளையாட்டில் இத்தகைய அளவை ஒரு பட்டையாகத் திரையின் மேலேயே காட்டினார்கள். காட்டியதால் ஆட்டம் எளிதாகிவிடவில்லை, செகிரோவும் கடினமே. ஆகவே கடினத்திற்கும் மறைப்பிற்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பது தெளிவு. காட்டினால் பட்டையைப் பார்த்து ஆடுவோம். மறைத்தால் எதிரியின் உடலைப் பார்த்து ஆடுவோம். எனக்குச் செகிரோவின் வழியே பிடிக்கும். ஆனால் மற்றதை விரும்புவோரும் நியாயம் இல்லாதவர் அல்லர்.

குருதி வடியச் செய்யும் ஆயுதங்களும் இவ்வகையே. நமக்கு அத்தகைய காயம் சேரும்போது திரையில் ஒரு பட்டை ஏறுவது தெரியும்; எதிரிக்குச் சேருவது தெரியாது. நிறைந்ததும் குருதி பீறிடும். அப்போது எதிரியின் முழு உயிர்நிலையில் ஒரு பங்கு ஒரே தடவையில் போய்விடும். எதிரி பெரியவனாக இருக்க இருக்க இந்தப் பங்கும் பெரிதாகும். சிறு கத்தியுடன் செல்பவள் மலைபோன்ற அரக்கனைச் சாய்ப்பதன் காரணம் இதுவே. ஒவ்வொரு முறை பீறிட்ட பின்பும் அடுத்த முறைக்கு முன்னிலும் அதிக அடிகள் வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தவர்களே கண்டறிந்தனர்.

எண்ணிப் பார்ப்பது என்றேன். அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரையை எழுதத் துணிந்ததே அதற்காகத்தான். எல்டன் ரிங் உலகில் ஆங்காங்கே தரையிலிருந்து பொன்னொளி எழும் தங்குமிடங்கள் உண்டு. அங்கு அமர்ந்து எழுந்தால் நம் காயம் ஆறும். நாம் கொன்ற சாதாரண எதிரிகளும் உயிர்பெற்று அதே இடத்தில் நிற்பர். இதைத் தொல்லையென்று நினைப்பவர்கள் உண்டு. அறிவியல் ஆசிரியையின் கண்ணுக்கு இது ஓர் ஆய்வுக்கூடம். ஒரே எதிரி, ஒரே இடம், ஒரே நிலைமை. எத்தனை முறை வேண்டுமாயினும் சோதனையைத் திரும்பச் செய்யலாம். பள்ளி ஆய்வகத்தில் நமக்கு இவ்வளவு வசதி இல்லை!

ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காவலனைத் தேர்ந்து, எத்தனை அடியில் வீழ்கிறான் என்று எழுதுங்கள். பின்பு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வாளை இரு கையால் பிடியுங்கள். வேறு எதையும் மாற்றக் கூடாது. மீண்டும் எண்ணுங்கள். கவசத்தையும் ஆயுதத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு “இப்போது நன்றாக இருக்கிறது” என்பவளுக்கு எதனால் நன்றாயிற்று என்பது ஒருநாளும் விளங்காது. ஊசலின் கால அளவை ஆராயும்போது நூலின் நீளத்தை மாற்றும் வேளையில் குண்டை மாற்றாமல் வைக்கிறோமே, அதே ஒழுங்குதான்.

விளையாட்டின் கோப்புகளையே பிரித்து எண்களை நேரடியாகப் பார்ப்பவர்களும் உண்டு. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகளைப் பார்ப்பது போன்றது அது. தவறென்று சொல்லமாட்டேன், ஆனால் விடை தெரிந்தும் வழி தெரியாமல் போகலாம். இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி இருக்கிறது. 2016இல் ‘டார்க் சோல்ஸ் 3’ வெளிவந்தது. அதில் ‘பாய்ஸ்’ என்றோர் அளவு உண்டு. அடிபட்டாலும் நிலைகுலையாமல் நிற்பதைக் குறிப்பது. முந்தைய விளையாட்டில் கனத்த கவசம் அணிந்தவர் அடிகளைத் தாங்கி நின்றனர். புதியதிலோ எவ்வளவு கனத்த கவசம் அணிந்து சும்மா நின்றாலும் சிறு கத்திபட்டே தள்ளாடினர். கோப்புகளை ஆராய்ந்த சிலர், பாய்ஸை இயக்கும் மதிப்பு சுழியாக இருப்பதாகக் கண்டு, “நிறுவனம் இதை அணைத்தே வைத்துவிட்டது” என்றனர். பெரும் வாதம் மூண்டது. வெளியீட்டாளரான பண்டாய் நாம்கோ, அது அணைக்கப்படவில்லை, கருதியபடியே இயங்குகிறது என்று அறிவித்தது. பலர் நம்பவில்லை.

பின்பு ஆட்டக்காரர்கள் பொறுமையாகச் சோதித்தார்கள். நிற்கும்போது, நடக்கும்போது, உருளும்போது, அடிக்கும்போது என்று வேளைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். விடை கிடைத்தது: கனத்த ஆயுதத்தை ஓங்கி வீசிக்கொண்டிருக்கும் வேளையில் மட்டுமே பாய்ஸ் வேலை செய்தது! சும்மா நிற்பவருக்கு அது இல்லை. எண்ணைக் கண்டவர்கள் எண்ணைச் சரியாகவே கண்டார்கள். அதன் பொருளைத்தான் பிழையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிலையில் காணவில்லை என்றால் எந்நிலையிலும் இல்லை என்றாகாது. எனினும், விதியை இப்படி மாற்றிவிட்டு ஒரு வரிகூடச் சொல்லாத நிறுவனத்தின் பக்கம் முழு நியாயம் இருந்ததாகவும் நான் கருதவில்லை.

மறைப்பில் நியாயமற்றதும் உண்டு என்பதற்கு இந்த வரிசையின் மூத்த விளையாட்டே சான்று. 2009இல் வந்த ‘டெமன்ஸ் சோல்ஸ்’ விளையாட்டில் ஒவ்வோர் உலகிற்கும் வெண்மை, கருமை என்று ஒரு சாய்வு இருந்தது. தலைமை அரக்கனை வென்றால் உலகம் வெண்மை நோக்கிச் சாயும். உடலோடு இருக்கும் நிலையில் மாண்டால் கருமை நோக்கிச் சாயும், எதிரிகள் வலுப்பெறுவர். அதாவது அடிக்கடி தோற்பவளுக்கே ஆட்டம் மேலும் கடினமாகும். ஏன் கடினமாகிறது என்று அவளுக்கு எவரும் சொல்வதில்லை. விவரம் அறிந்தவர்கள், ஊறு நேராத நடு மண்டபத்தில் தாமே மாண்டு, ஆவி நிலையில் உலகிற்குள் சென்றார்கள். ஆவி நிலையில் எத்தனை முறை மாண்டாலும் உலகம் கருகுவதில்லை. வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு மட்டும் கடினமான வினாத்தாள் கொடுத்து, கொடுத்ததையும் சொல்லாதிருப்பது போன்றது இவ்விதி. கடினத்தை ஏற்கலாம். இதை ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

ஏன் இப்படி மறைக்கிறார்கள்? டெமன்ஸ் சோல்ஸ், டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் ஆகியவற்றை உருவாக்கியதில் தலைமை வகித்தவர் ஹிடேடாகா மியாசாகி. வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துப் படிப்பார். அவற்றுள் ஆங்கிலக் கற்பனைக் கதைகளும் இருந்தன. அவ்வளவு ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. புரியாத பகுதிகளைப் படங்களைப் பார்த்தும் தாமாகக் கற்பனை செய்தும் நிரப்பிக்கொள்வார். அந்த இன்பத்தையே தம் விளையாட்டுகளிலும் வைக்க விரும்பியதாக அவரே நேர்காணல்களில் கூறியிருக்கிறார். நம்மிலும் எழுத்துக்கூட்டிப் படித்த நாட்களில் பாதி புரிந்த கதைப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இல்லையா?

இன்னொரு காரணமும் உண்டு. பனி படர்ந்த மேட்டுச் சாலையில் ஒருமுறை அவருடைய காரும் மற்றவர் கார்களும் வழுக்கி நின்றன. பின்னாலிருந்த கார் முன்னாலிருந்ததை முட்டித் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, ஒருவாறாக எல்லாரும் மேடேறினர். நின்று நன்றி சொல்ல வழியில்லை. நின்றால் மறுபடி வழுக்கும். முகம் அறியாதவர்கள் உதவிவிட்டுப் போகும் அந்த முறையைத்தான் டெமன்ஸ் சோல்ஸ் முதல் அவர் கையாண்டார். ஒருவர் தரையில் சிறு குறிப்பு எழுதி வைப்பார். வேறொரு நாட்டில் ஆடுபவர் திரையில் அது தோன்றும். நினைத்ததை எல்லாம் எழுத முடியாது. கொடுக்கப்பட்ட சொற்களைக் கோத்தே எழுத வேண்டும். ‘முன்னே பதுங்கல்’ என்று ஒருவர் எழுதியதால் உயிர் தப்பியவர் ஏராளம். பாறை விளிம்பில் ‘குதித்துப் பார்’ என்று எழுதிவைக்கும் குறும்பர்களும் உண்டு. நம்பிக் குதித்தவர்களும் உண்டு.

மறைந்திருக்கும் விதிகளைத் தனியொருவர் முழுவதும் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் எடையின் எல்லையைக் கண்டார்; ஒருவர் குருதியின் கணக்கைக் கண்டார்; தத்தம் குறிப்பேட்டை அடுத்தவருக்குத் திறந்து காட்டினார்கள். எல்டன் ரிங்கில் இதையொட்டியே ஒரு விதி உள்ளது. நாம் எழுதிய குறிப்பு உதவியது என்று முகமறியாத ஒருவர் மதிப்பிட்டால், அக்கணமே நம் உயிர்நிலை நிரம்பும். மார்கிட்டின் முன்னே, மருந்துக் குடுவை காலியாகி, ஓரடி பட்டால் மாளும் நிலையில் நிற்கிறாள் ஒருத்தி. காரணம் ஏதுமின்றித் திடீரென்று அவளுடைய சிவப்புப் பட்டை முழுமையாக நிறைகிறது. முந்தின நாள் ஏதோ ஒரு குகை வாயிலில் அவள் எழுதி மறந்துபோன வரியை, எங்கோ ஒருவர் அப்போதுதான் படித்திருக்கிறார்.